கையைக் கொடுக்கலாம், காதைக் கொடுக்கலாமா?

(திருப்பூரில் ஒரு கல்லூரியின் வணிகவியல் துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கிச் செம்மை செய்யப்பட்டது.)



அழைப்பு வந்தபோது தலைப்பை நானே முடிவு செய்யலாம் என்றார்கள். துறைத் தலைவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் வீட்டிலிருந்தே ஏதாவது விற்கிறார்கள்? விசாரித்துச் சொன்னார். மூன்றாம் ஆண்டு வகுப்பிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒருவர் நைட்டி விற்கிறார், ஒருவர் குழந்தை உடை, ஒருவர் அம்மா அரைத்த மசாலாப்பொடி. இன்ஸ்டாகிராமில் படம், வாட்ஸ்அப்பில் ஆர்டர், பக்கத்து கூரியர் அலுவலகத்தில் பொட்டலம். அவர்கள் எல்லோருக்கும் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ ஒரே கேள்வி வரும். ஒருவராக இதையெல்லாம் செய்ய முடியவில்லை. எந்த வேலையை வெளியே கொடுப்பது? இன்றைய பேச்சு அந்தக் கேள்வியைப் பற்றியது.

'வெளியே கொடுப்பது' என்பதை இந்த ஊரில் விளக்கத் தேவையில்லை. நூல் ஒருவருடையது. நிட்டிங் இன்னொருவர் இடத்தில், சாயம் வேறொரு பட்டறையில், பிரிண்டிங்கும் எம்ப்ராய்டரியும் தனித்தனி இடங்களில், காஜா பட்டன் ஒரு சந்துக்குள். ஒரே துணி டெலிவரி சலானோடு ஊர் முழுக்கச் சுற்றிவிட்டுப் பெட்டிக்குள் போகிறது. அவுட்சோர்சிங் என்ற சொல் மேலாண்மைப் புத்தகங்களில் பரவுவதற்கு முன்பே ஜாப் ஒர்க் இங்கே வேரூன்றிவிட்டது. ஆனாலும் பழகிய கை என்பதாலேயே சில சமயம் யோசிக்காமல் கொடுத்துவிடுகிறோம். துணிக்குப் பொருந்திய கணக்கு, இணையக் கடைக்கும் அப்படியே பொருந்தும் என்று நினைத்துவிடுகிறோம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு வேலையை வெளியே கொடுக்கலாமா என்று முடிவு செய்ய, அதற்கு ஆகும் செலவை மட்டும் பார்த்தால் போதாது. அந்த வேலையைச் செய்யும்போது நமக்கு என்ன தெரிய வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒன்றுமே தெரிய வராத வேலை வெறும் கைவேலை. அதைத் தயங்காமல் கொடுங்கள். வாடிக்கையாளரைப் பற்றியோ பொருளைப் பற்றியோ தினமும் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும் வேலை நம் கடையின் காது. அதைக் கொடுத்துவிட்டால் கடை நடக்கும், கடைக்குக் காது கேட்காது.

1. முதலில் கோஸ்

பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் ரொனால்டு கோஸ் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். லண்டன் மாணவராக இருந்தபோது உதவித்தொகையில் அமெரிக்கா போய்த் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தவர். சந்தையில் எல்லாமே விலைக்குக் கிடைக்கும் என்றால் நிறுவனம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? ஒவ்வொரு வேலையையும் அன்றன்றைக்கு விலை பேசி வாங்கிக்கொள்ளலாமே? இந்த எளிய கேள்வியை 1937-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். நோபல் பரிசு 1991-இல் வந்தது.

அவருடைய விடை நம் ஊர் வியாபாரிக்கு உடனே புரியும். வெளியே வாங்குவதற்கும் ஒரு செலவு உண்டு. ஆளைத் தேட வேண்டும், விலை பேச வேண்டும், சொன்னபடி செய்தாரா என்று பார்க்க வேண்டும், செய்யாவிட்டால் சண்டை போட வேண்டும். பில்லில் வராத இந்தச் செலவு, உள்ளேயே ஆள் வைத்துச் செய்யும் செலவைத் தாண்டும்போது வேலை உள்ளே வந்துவிடுகிறது.

வீட்டில் விற்கிற மாணவிக்கு இதைக் கணக்காகவே சொல்கிறேன். ஒரு பொட்டலம் கட்டி முகவரி ஒட்ட 6 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 20 பொட்டலம் என்றால் 2 மணி நேரம். தீபாவளிக்கு முந்தின வாரம் அது 100 ஆனால் 10 மணி நேரம். அந்த 10 மணி நேரத்தில் பொட்டலம் உங்களுக்குப் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை. ஆகவே கொடுங்கள். கொடுப்பதற்கு முன்பு முதல் 200 பொட்டலத்தையாவது உங்கள் கையால் கட்டியிருக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. மழைக்கு எந்தக் கவர் தாங்கும், எத்தனை கிராமில் கூரியர் கட்டணம் அடுத்த படிக்கு ஏறும் என்பதெல்லாம் அப்போதுதான் கைக்குத் தெரியும். தான் ஒருமுறைகூடச் செய்யாத வேலைக்கு நியாயமான கூலி எது, நல்ல வேலை எது என்று ஒருவரால் சொல்ல முடியாது.

2. ஒரே வேலை, இரண்டு ஊர், இரண்டு முடிவு

கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலாவில் படித்து, உலகம் முழுக்க மேலாண்மை வகுப்புகளில் பேசப்பட்டவர் சி.கே. பிரகலாத். அவரும் கேரி ஹாமலும் 1990-இல் எழுதிய கட்டுரையில் நிறுவனத்தை ஒரு மரமாகப் பார்த்தார்கள். விற்கும் பொருள்கள் இலையும் பூவும் பழமும்; கண்ணுக்குத் தெரியாத வேர்தான் அந்த நிறுவனத்தின் அடிப்படைத் திறன். வேரை விற்காதே என்பது அதன் சாரம். மிகச் சரியான கருத்து. ஆனால் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது நாங்கள் ஒரு பிழை செய்கிறோம். எந்தெந்த வேலை வேர், எந்தெந்த வேலை இலை என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அப்படிப் பட்டியல் போட முடியாது. இரண்டு கடைகளின் கதையைச் சொல்கிறேன்.

ஜாப்போஸ் அமெரிக்காவில் 1999-இல் தொடங்கிய இணையச் செருப்புக் கடை. தொடங்கியவர் நிக் ஸ்வின்மர்ன். பிறகு டோனி ஷே அதை நடத்தினார். முதலில் அவர்கள் பல செருப்புகளைக் கையிருப்பில் வைக்கவே இல்லை. ஆர்டர் வந்தால் தயாரிப்பாளரே நேராக அனுப்புவார். இன்று நம் பிள்ளைகள் டிராப்ஷிப்பிங் என்று சொல்வது இதைத்தான். கையிருப்பில் வைத்த சரக்கையும் கென்டக்கி மாநிலத்தில் இருந்த ஒரு வெளி நிறுவனத்தின் கிடங்கில் வைத்தார்கள். செருப்பு மற்ற பொருள் மாதிரி கிடையாது. ஒரே மாடலில் நிறம் பல, அளவு பல, அகலமும் பல. அந்தக் கிடங்கால் அதைச் சமாளிக்க முடியவில்லை. 2002-இல் ஜாப்போஸ் லூயிவில் நகருக்குப் பக்கத்தில் தன் சொந்தக் கிடங்கைத் திறந்தது. கிடங்கை வெளியே கொடுத்தது தாங்கள் செய்த பெரிய தவறுகளில் ஒன்று என்று ஷே பின்னாளில் தன் புத்தகத்திலேயே எழுதினார்.

அடுத்த வருடம் டிராப்ஷிப்பிங்கையும் நிறுத்தினார்கள். அப்போது விற்பனையில் ஏறத்தாழ கால்பங்கு அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கால்பங்கு வருமானத்தைக் கையால் தள்ளிவிடுவது என்பது எந்த வியாபாரிக்கும் சுலபமில்லை. ஆனால் அந்த ஆர்டர்களில் செருப்பு உண்மையில் இருப்பில் இருக்கிறதா, எப்போது கிளம்பும் என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல அவர்களிடம் எதுவும் இல்லை. 2004-இல் தொலைபேசிப் பிரிவுக்கு நல்ல ஆட்கள் வேண்டும் என்பதற்காக நிறுவனமே சான்பிரான்சிஸ்கோவை விட்டு லாஸ்வேகாஸ் பக்கம் குடிபெயர்ந்தது. போன் எடுக்கும் வேலையைத் தூர தேசத்துக்குக் கொடுப்பது வழக்கமாக இருந்த காலம் அது. இவர்கள் போன் இருக்கிற இடத்துக்குத் தலைமை அலுவலகத்தைக் கொண்டுபோனார்கள். 2009-இல் அமேசான் அந்தக் கடையை ஏறத்தாழ 120 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது.

இவ்வளவும் செய்த ஜாப்போஸ், செருப்பை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை யூபிஎஸ் போன்ற வெளிக் கூரியர் நிறுவனங்களிடமே விட்டிருந்தது. கிடங்கு அந்த இடத்தில் அமைந்ததற்கே லூயிவில்லில் யூபிஎஸ்ஸின் விமான மையம் இருந்ததுதான் காரணம். அமெரிக்காவில் பொட்டலம் கொண்டு வருபவர் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். பணம் ஏற்கெனவே அட்டையில் போய்விட்டது. அந்த வாசலில் கடைக்குத் தெரிய வேண்டிய செய்தி அநேகமாக ஒன்றும் இல்லை.

இப்போது பெங்களூருக்கு வாருங்கள். 2007-இல் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் பிளிப்கார்ட்டைப் புத்தகக் கடையாகத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் எல்லோரையும் போல கூரியரில்தான் அனுப்பினார்கள். 2009-இல் இகார்ட் என்று சொந்தமாக ஒரு விநியோகப் பிரிவைத் தொடங்கினார்கள். 2010-இல் பொருளைக் கையில் வாங்கிய பிறகு பணம் கொடுக்கலாம் என்றார்கள். ஜாப்போஸ் தயங்காமல் வெளியே விட்ட அதே வேலை இங்கே உள்ளே வந்தது.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அன்று நம் நாட்டில் பெரும்பாலோரிடம் கிரெடிட் கார்டு இல்லை. இருந்தவருக்கும் முகம் தெரியாத கடைக்கு முன்பணம் அனுப்ப மனம் வராது. கொண்டுவரும் பையன்தான் கடையின் முகம், அவன் கையில் இருப்பதுதான் கல்லாப்பெட்டி. வாசலில் நின்று "இது வேண்டாம்" என்று சொல்பவர் ஏன் சொல்கிறார் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். "மாரியம்மன் கோவில் எதிரில், நீலக் கேட்டு" என்ற முகவரியை வீடாக மாற்றுகிற அறிவும் அவனிடம்தான் சேர்கிறது. வேலையின் பெயர் ஒன்றுதான், ஆனால் பெங்களூரில் அதற்குள் காது இருந்தது, லூயிவில்லில் இல்லை. அதனால்தான் பட்டியல் போட முடியாது என்கிறேன்.

இதை இன்றைக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். யுபிஐ வந்த பிறகு முன்பணம் அனுப்பும் தயக்கம் பலருக்குக் குறைந்திருக்கிறது. கூரியர் நிறுவனங்களும் பொட்டலம் எங்கே இருக்கிறது என்று போனிலேயே காட்டுகின்றன. சிறிய கடைக்காரர் இன்று சொந்தமாக ஆள் வைத்து விநியோகம் செய்ய வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

3. தலை நுழையாத சட்டை

என் பழைய மாணவி ஒருவர் அவிநாசிப் பக்கம் இருந்துகொண்டு, குழந்தைகளுக்கான பருத்தி உடைகளை இணையத்தில் விற்கிறார். ஆரம்பத்தில் தன் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து, அன்று வந்த எல்லாச் செய்திகளுக்கும் தானே பதில் எழுதுவார். ஆர்டர் கூடியதும் அது முடியாமல் போனது. வாடிக்கையாளர் செய்திகளுக்குப் பதில் சொல்லும் வேலையை மாதச் சம்பளம் பேசி ஓர் ஏஜென்சியிடம் கொடுத்தார். அவர்கள் பொறுப்பாகச் செய்தார்கள். பதில் உடனுக்குடன் போனது. வாரம் ஒருமுறை அறிக்கை வந்தது. அதில் எல்லா வரிக்கும் எதிரே 'முடிந்தது' என்று இருந்தது.

மூன்று மாதம் கழித்துப் பின்னறையில் திரும்பி வந்த பொட்டலங்கள் இடுப்பளவுக்குக் குவிந்திருப்பதைப் பார்த்து ஒன்றைப் பிரித்தார். இரண்டு வயதுக் குழந்தையின் சட்டை. கழுத்தைச் சுற்றித் தைக்கும் ரிப் பட்டியை இழுத்தால் இழுபடவில்லை. பழைய செய்திகளை உட்கார்ந்து படித்தார். "தலை மாட்டிக்குது", "பாப்பா அழறா", "கழுத்து பத்தல" என்று வாரக்கணக்காகத் தாய்மார்கள் எழுதியிருந்தார்கள். ஏஜென்சிப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் அளவு அட்டவணையை அனுப்பி, பெரிய சைஸ் எடுக்கச் சொல்லி, வேண்டாம் என்றவர்களுக்குத் திரும்ப அனுப்பும் வழியைச் சொல்லி, முடிந்தது என்று குறித்திருந்தார்கள். ரிப் துணி கொடுத்தவர் இடையில் லைக்ரா அளவைக் குறைத்திருந்தார். முன்பு போல மாணவியே செய்திகளைப் படித்திருந்தால் இரண்டாவது செய்தியிலேயே கை கழுத்துக்குப் போயிருக்கும்.

அவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "சார், அவங்க தப்பா ஒண்ணும் செய்யல. நான் கேட்டதைத்தான் செஞ்சாங்க. நான்தான் தப்பானதைக் கேட்டுட்டேன்."

அதற்குப் பிறகு அவர் செய்தது எனக்குப் பாடமாக இருந்தது. வேலை முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வேலையைப் பிரித்தார். "ஆர்டர் எங்கே இருக்கு?", "பணம் எப்ப திரும்பும்?" என்ற கேள்விகள் ஏஜென்சியிடமே இருக்கின்றன. வந்த செய்திகளில் பெரும்பங்கு அவைதான். துணி, கழுத்து, நிறம், தையல், சுருக்கம், அரிப்பு என்று உடையைப் பற்றி ஒரு சொல் இருந்தாலும் அந்தச் செய்தி அவருடைய போனுக்கு வந்துவிடும். பதில் அவரே எழுதுகிறார். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஆகிறது.

மேலாண்மைப் பாடத்தில் நாம் 'வாடிக்கையாளர் சேவை' என்று ஒரே பெட்டியாக வரைகிறோம். அதற்குள் காதும் இருக்கிறது, வெறும் கையும் இருக்கிறது. படம் எடுப்பதிலும் அப்படித்தான். வெளிச்சமும் கேமராவும் போட்டோகிராபர் வேலை. ஆனால் திரையில் தெரியும் மஞ்சள் கையில் இருக்கும் மஞ்சளா என்று, துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை அவரிடம் விடக் கூடாது. கணக்கிலும் அப்படித்தான். ஜிஎஸ்டி தாக்கல் செய்வதை ஆடிட்டர் பார்க்கட்டும். எந்தப் பொருள் அதிகம் திரும்புகிறது, விளம்பரச் செலவு போக ஓர் ஆர்டரில் என்ன நின்றது என்று மாதம் ஒருமுறை நீங்களே தாளில் எழுதிப் பாருங்கள்.

4. சாவி

காதைப் போலவே கொடுக்கக் கூடாதது சாவி. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் வாதிட அதிகம் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு சிறு கடைக்காரர் தன் இணையதளத்தின் பெயரையே, அதை வடிவமைத்துக் கொடுத்தவர் பெயரில் பதிவு செய்ய விட்டிருந்தார். இருவருக்கும் மனக்கசப்பு வந்தபோது, பல வருடம் ஊர் ஊராகப் பரவிய கடைப்பெயர் கடைக்காரர் கையில் இல்லை. வேறு பெயரில் முதலிலிருந்து தொடங்கினார். தளத்தின் பெயர்ப் பதிவு, விளம்பரக் கணக்கு, வாட்ஸ்அப் வணிக எண், பணம் வந்து சேரும் கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல் ஆகிய ஐந்தும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். வேலை செய்பவருக்கு அனுமதி கொடுங்கள், எடுத்துவிடக்கூடிய அனுமதியாக.

சாவியை வெளியே கொடுத்துப் பெரிய நிறுவனங்களும் அடிபட்டிருக்கின்றன. 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரம் திருடு போனது. திருடர்கள் உள்ளே வந்த வழி, குளிர்சாதன வேலை பார்த்த ஓர் ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல். நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விவரங்களை வேறொருவர் கையாண்டாலும் பொறுப்பு அவற்றைத் திரட்டியவருடையதே என்கிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. ஜாப் ஒர்க்குக்குச் சரக்கு அனுப்பினால் ஒரு வருடத்துக்குள் திரும்ப வர வேண்டும், கணக்கு வைக்கும் பொறுப்பு அனுப்பியவருடையது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவு சொல்வதும் இதே நியாயம்தான்.

கடை வாசலையே கொடுத்தவர்களும் உண்டு. பார்டர்ஸ் என்ற பெரும் புத்தகக் கடை 2001-இல் தன் இணைய விற்பனையை அமேசானிடம் ஒப்படைத்தது. செலவுக் கணக்கில் அது புத்திசாலித்தனமாகவே தெரிந்திருக்கும். 2008-இல் சொந்தத் தளத்தோடு திரும்ப வந்தபோது, வாசகர் இணையத்தில் எப்படித் தேடுகிறார், எதைப் பார்த்துவிட்டு எதை வாங்குகிறார் என்று கற்றுக்கொள்ளக் கிடைத்த ஏழு வருடம் போயிருந்தது. 2011-இல் கடைகள் மூடப்பட்டன. அதன் வீழ்ச்சிக்குக் கடனும் வாடகையும் உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அந்த ஏழு வருடத்தை எந்தக் கடன்காரரும் திருப்பிக் கொடுத்திருக்க முடியாது.

5. பிசிறு வெட்டுபவர்கள்

கடைசியாக, வெளியே கொடுத்துவிட்ட வேலையைச் செய்பவர்களைப் பற்றி. இதைச் சொல்லத்தான் இந்த ஊருக்கு வர ஆசைப்பட்டேன்.

தைத்து முடித்த உடையில் தொங்கும் நூல் பிசிறை வெட்டுவது இங்கே ஆயிரக்கணக்கான பெண்களின் வேலை. கம்பெனி வாசலில் உட்கார்ந்து சிலர் செய்கிறார்கள். மூட்டையை வீட்டுக்கு வாங்கிப்போய்ச் சிலர் செய்கிறார்கள். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. என் அளவுகோலின்படி இது வெறும் கைவேலை, தயங்காமல் வெளியே கொடுக்கலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது பிழை என்று இப்போது நினைக்கிறேன். ஒவ்வொரு உடையையும் புரட்டிப் பார்க்கிற கடைசிக் கண் அவர்களுடையது. பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர், பிழையைப் பார்த்து நின்றால் அவருக்கு நஷ்டம். நின்று சொன்னாலும் கேட்க ஆள் இல்லை. மலிவு என்று நாம் கணக்கில் எழுதுவது பல இடங்களில், கேட்காமல் விட்டதால் மிச்சமான காசு.

நான் சொன்ன அந்த மாணவி, கழுத்துச் சங்கதி தெரிந்த மறுநாள், தனக்குப் பிசிறு வெட்டித் தருகிற அம்மாவிடம் போய் ஒரு சட்டையை நீட்டினார். அந்த அம்மா கையில் வாங்காமலேயே சொன்னாராம்: "ரெண்டு மாசமாவே இப்படித்தான் கண்ணு வருது. இழுத்தா வரமாட்டேங்குது. ஆருகிட்டச் சொல்றது?"

இப்போது அந்த அம்மாவுக்கு வாரம் ஒரு நிலைத்த தொகை. பீஸ் கூலி அதற்கு மேல். மூட்டையோடு ஒரு மஞ்சள் பையும் போகிறது. கண்ணில் தட்டியதையெல்லாம் அவர் அந்தப் பையில் தனியாகப் போட்டு அனுப்புகிறார். பையை மாணவி தானே பிரிக்கிறார்.